காப்பிப் பழத்தோலின் சாறு ஆசிட் தொட்டியில் இரும்பைக் காக்குமா?

கேள்வி: சேலத்தில் சிறிய இரும்புப் பட்டறை வைத்திருக்கிறோம். கோணச்சட்டம், கிளாம்பு, பட்டைக்கம்பி ஆகியவற்றை ஆசிட் தொட்டியில் ஊறவைத்துத் துரு நீக்கிய பிறகு கால்வனைசிங்குக்கு, அதாவது துத்தநாகப் பூச்சுக்கு, அனுப்புவது எங்கள் வேலை. என் தங்கை வேதியியல் முதுகலை இறுதியாண்டு படிக்கிறாள். தாவரச் சாறு கலந்தால் அமிலம் இரும்பை அரிப்பது 95 விழுக்காடு வரை குறையும் என்று ஆய்வுக் கட்டுரைகளில் படித்துவிட்டு, மாமாவின் ஏற்காட்டுத் தோட்டத்தில் குவிந்து கிடக்கும் காப்பிப் பழத்தோலைக் கொண்டு செய்து பார்க்கலாம் என்கிறாள். இது நடைமுறைக்கு ஆகுமா? ஆகுமென்றால் உருக்காலை போன்ற பெரிய இடங்களில் ஏன் செய்வதில்லை?

பதில்:

ஆகும். ஆனால் உங்கள் தொட்டிக்கு ஆகுமா என்று கேட்டால் அவ்வளவு சட்டென்று தலையாட்ட மாட்டேன். சேலத்திலும் ஆத்தூர்ப் பக்கத்திலும் ஜவ்வரிசி ஆலைகள், சாயப்பட்டறைகள் ஆகியவற்றின் பாய்லர்களை அமிலத்தால் கழுவும் வேலையில், சோதனைக்கூடத்துப் பக்கமாக, இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். தாவரச் சாறுகளைப் பலமுறை சோதித்திருக்கிறேன். சிலமுறை ஏமாந்தும் இருக்கிறேன். கட்டுரைகளில் வரும் 95 பொய்யான எண் அல்ல. அது எதில் 95, எந்த அமிலத்தில், எத்தனை மணி நேரத்துக்கு என்பதைக் கேட்காமல் எடுத்துக்கொண்டால்தான் சிக்கல்.

முதலில் உங்கள் தொட்டிக்குள் நடப்பதைப் பார்ப்போம். ஆலையிலிருந்து சூடாக உருட்டி வரும் இரும்பின் மேல் கருநீல நிறத்தில் ஒரு செதில் இருக்கும். அதில் மூன்று வகை இரும்பு ஆக்சைடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன: உலோகத்தை ஒட்டி வுஸ்டைட், அதற்கு மேல் காந்தத்தன்மையுள்ள மாக்னடைட், வெளியே மெல்லியதாக ஹேமடைட். மழையிலும் காற்றிலும் கிடந்த சரக்காக இருந்தால் இவற்றின் மேல் செந்துருவும் சேர்ந்திருக்கும். இவற்றைக் கரைக்கத்தான் அமிலம் ஊற்றுகிறோம். ஆனால் செதில் விரிசல் விட்ட இடத்தில் அமிலம் உள்ளே நுழைந்து வெறும் இரும்பைத் தொட்டவுடன் அதையும் தின்னத் தொடங்குகிறது. இரும்பு குளோரைடாகக் கரைகிறது, ஹைட்ரஜன் குமிழியாக மேலே வருகிறது. வேண்டியது ஒன்று, வேண்டாதது ஒன்று, இரண்டும் ஒரே தொட்டியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

அரிப்பைக் குறைக்க அமிலத்தில் கலக்கும் பொருளுக்குத் தடுப்பி என்று பெயர். அதன் வேலை வேண்டியதை நடக்கவிட்டு வேண்டாததை மட்டும் தடுப்பது. இது எப்படி முடிகிறது என்றால், இரண்டும் வெவ்வேறு விதமான வினைகள். ஆக்சைடு அமிலத்தில் கரைவது பெரும்பாலும் நேரடியான வேதிவினை. உலோகம் கரைவதோ மின்வேதிவினை: ஓரிடத்தில் இரும்பு அணு எலக்ட்ரான்களை விட்டுவிட்டுக் கரைசலுக்குள் போகிறது, பக்கத்தில் வேறோர் இடத்தில் ஹைட்ரஜன் அயனிகள் அந்த எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு வாயுவாகின்றன. உலோகப் பரப்பில் ஒரு மூலக்கூறு அளவுக்கு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டாலே இந்த இரண்டு இடங்களும் மூடப்பட்டுவிடும். மேலேயுள்ள துரு தன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருக்கும். ஒரு சிறு கவனம் மட்டும் தேவை. கந்தக அமிலத்தில் செதிலைப் பெயர்த்துத் தள்ளுவதில் அடியிலிருந்து வரும் ஹைட்ரஜன் குமிழிகளுக்கும் பங்கு உண்டு, ஆகவே அங்கே தடுப்பியை அளவுக்கு மீறிப் போட்டால் செதில் நீங்குவதும் மெதுவாகிவிடும்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. பளபளவென்று தேய்த்த எம்எஸ் (சாதாரண இரும்பு) பட்டை ஒன்றை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நிறுத்தினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அதன் இரு பக்கமும் பொடிப்பொடியான குமிழிகள் இடைவிடாமல் ஏறும். அதில் வடிகட்டிய சாற்றைச் சிறிது ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். நல்ல சாறாக இருந்தால் சில நிமிடங்களில் குமிழிகள் குறையத் தொடங்கும். பிறகு ஓரங்களிலும் கீறல்களிலும் மட்டும், ஒவ்வொன்றாகப் பெருத்து, சோம்பலாகக் கழன்று மேலே போகும். எத்தனை வரைபடங்களைப் பார்த்திருந்தாலும் இந்தக் காட்சிதான் எனக்கு முதலில் நம்பிக்கையைக் கொடுத்தது. எண் எதையும் இது தராது என்பதும் உண்மை.

சாற்றில் இருப்பது எது? நைட்ரஜன், ஆக்சிஜன், கந்தகம் ஆகிய அணுக்களைக் கொண்ட, பெரும்பாலும் வளைய அமைப்புள்ள கரிம மூலக்கூறுகள். காப்பியில் கஃபீனும் குளோரோஜெனிக் அமிலமும், மிளகில் பைபரின், மருதாணியில் லாசோன், கறிவேப்பிலையில் கார்பசோல் வகை ஆல்கலாய்டுகள் என்று ஒவ்வொரு செடியும் தன் கைச்சரக்கை வைத்திருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் குளோரைடு அயனிகள் முதலில் இரும்பின் பரப்பில் போய் உட்காருகின்றன. அமிலத்தில் நேர்மின்சுமை பெற்ற தாவர மூலக்கூறுகள் அவற்றின் மேல் ஈர்க்கப்பட்டு ஒட்டுகின்றன. சல்பேட்டு அயனி இப்படி இறுக்கமாக உட்காருவதில்லை என்பதால், அதே சாறு கந்தக அமிலத்தில் பொதுவாகக் குறைவாகவே உதவும். அங்கே சிட்டிகை பொட்டாசியம் அயோடைடு சேர்த்தால் திறன் கணிசமாக ஏறுவதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். அயோடைடு அந்த இருக்கையைப் போட்டுக் கொடுக்கிறது என்று சொல்லலாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இரும்புத் தகடுகளை அமிலத்தில் கழுவும்போது கரும்புப்பாகுக் கழிவான மொலாசஸையும் தாவர எண்ணெயையும் சேர்ப்பதற்கு 1895-இலேயே பிரிட்டனில் காப்புரிமை பெற்றிருக்கிறார்கள். பிறகு தார், பெட்ரோலியம் ஆகியவற்றிலிருந்து கிடைத்த செயற்கைச் சேர்மங்கள் மலிவாகவும் சீராகவும் கிடைத்ததால் தாவரங்கள் ஓரத்துக்குப் போயின. அந்தச் சேர்மங்களின் நச்சுத்தன்மை தெரியவந்த பின், கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாகத் தாவரங்கள் மீண்டும் நடுவுக்கு வந்திருக்கின்றன. கீழாநெல்லிச் சாற்றை நைஜீரிய ஆய்வாளர்கள் 2008-இலும், மருதாணியை ஈரானியர்கள் 2009-இலும், கறிவேப்பிலையை வாரணாசியின் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தார் 2010-இலும், காப்பிச் சக்கையைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2011-இலும் சோதித்து வெளியிட்டார்கள். நம் மாநிலத்திலேயே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் அரிமானத்துக்கென்றே, அதாவது உலோக அரிப்புக்கென்றே, ஒரு பெரிய பிரிவு இருக்கிறது. உங்கள் தங்கை ஒருமுறை போய்ப் பார்த்து வருவது ஒரு பருவப் பாடத்துக்குச் சமம்.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். பிரேசிலில் சோதித்தது வறுத்து அரைத்து வடித்த காப்பியின் சக்கை. உங்கள் மாமா தோட்டத்தில் குவிவது பல்பரில் (தோலுரிக்கும் பொறியில்) பழத்தைப் பிழிந்தெடுத்தபின் விழும் சிவப்புத் தோல். பெயர் ஒன்றானாலும் சரக்கு வேறு. வறுக்கும்போது உருவாகும் பழுப்புநிறப் பெருமூலக்கூறுகள் தோலில் கிடையா. தோலில் இருக்கும் சர்க்கரையும் பெக்டினும் சக்கையில் அநேகமாக இல்லை. ஆகவே அந்த எண்ணை எடுத்து இதற்கு ஒட்ட முடியாது, புதிதாகத்தான் அளக்க வேண்டும். தங்கைக்கு அது நல்ல செய்திதான்.

இனி அந்த 95-க்கு வருவோம். தடுப்புத்திறன் என்பது, சாறு இல்லாத அமிலத்தில் இழந்த எடையிலிருந்து சாறு உள்ள அமிலத்தில் இழந்த எடையைக் கழித்து, முன்னதால் வகுத்து, நூறால் பெருக்குவது. கணக்குக்காக ஒன்றை வைத்துக்கொள்வோம். 5 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம், 2 மி.மீ. தடிப்புள்ள எம்எஸ் துண்டின் மொத்தப் பரப்பு 28 சதுர செ.மீ. வெறும் அமிலத்தில் 6 மணி நேரத்தில் அது 168 மி.கி. இழக்கிறது, சாறு கலந்த அமிலத்தில் 17 மி.கி. இழக்கிறது என்றால் தடுப்புத்திறன் ஏறத்தாழ 90 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. இதையே ஆண்டுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்காக மாற்றினால், வெறும் அமிலத்தில் 11 மி.மீ., சாறு கலந்த அமிலத்தில் 1.1 மி.மீ. என்று வரும். ஆண்டுக்கு 1.1 மி.மீ. அரிக்கும் ஒரு தொட்டியையோ குழாயையோ எந்தப் பொறியாளரும் ஏற்கமாட்டார். ஆனால் அதே வேகத்தில் 6 மணி நேரம் மட்டும் அரித்தால் போவது ஒரு மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பாய்லர் குழாயை ஒரு பகல் நேரம் கழுவுவதற்கு அது தாராளமாகப் போதும். ஒரே 90 விழுக்காடு ஓரிடத்தில் தள்ளுபடியாகிறது, இன்னோரிடத்தில் முதல் வகுப்பில் தேறுகிறது.

வெப்பம் சேர்ந்தால் இந்த விழுக்காடு இன்னும் ஏமாற்றும். தாவர மூலக்கூறுகள் பல இரும்பில் ஒட்டுவது மென்மையான மின்ஈர்ப்பால் மட்டுமே. சூடு ஏறினால் கழன்றுவிடுகின்றன. மேலே சொன்ன கணக்கில், வெப்பத்தால் வெறும் அமிலத்தின் வேகம் ஐந்து மடங்காகி, தடுப்புத்திறன் 90-இலிருந்து 70-க்கு இறங்கியதாகக் கொள்ளுங்கள். 20 புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் அரிப்பு 1.1 மி.மீ.யிலிருந்து ஏறத்தாழ 17 மி.மீ.க்குப் போய்விடும்; பதினைந்து மடங்கு. அதனால்தான் யார் என்னிடம் விழுக்காட்டைக் கொண்டுவந்தாலும், பக்கத்தில் மில்லிகிராமை எழுதச் சொல்வேன்.

கட்டுரைகளில் பெரும்பாலானவை 1 மோலார் (மோலார் என்பது செறிவின் அலகு) அமிலத்தில், 30 பாகை செல்சியசுக்கு அருகில், கண்ணாடிபோல் தேய்த்த புதுத் துண்டில், சில மணி நேரத்துக்குச் செய்தவை. உங்கள் தொட்டியில் எடைக்கணக்கில் 10 முதல் 15 விழுக்காடு அமிலம் இருக்குமானால் அது ஏறத்தாழ 3 முதல் 4.5 மோலார். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் தொட்டி 40 பாகையைத் தாண்டும். கரைந்த இரும்பு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். செந்துரு கரையும்போது வரும் மும்மதிப்பு இரும்பு அயனி (மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்பு) தானே ஓர் அரிப்பான். அப்படிப்பட்ட இரண்டு அயனிகள் சேர்ந்து ஓர் இரும்பு அணுவைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு சாதுவாகிவிடுகின்றன. ஹைட்ரஜன் வெளிவருவதைத் தடுக்கும் படலம் இந்த வழியை அந்த அளவுக்கு அடைப்பதில்லை. துருப்பிடித்த பழைய சரக்கு நிறைய விழும் தொட்டியில் எந்தத் தடுப்பியும், செயற்கையானதும்கூட, சொன்ன எண்ணைக் காட்டாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது கெட்டுப்போவது. பல ஆண்டுகளுக்கு முன், வேப்பிலைச் சாற்றை முப்பது லிட்டர் கேனில் காய்ச்சி வைத்து, ஒரு ஜவ்வரிசி ஆலையின் பாய்லருக்காகக் கொண்டுபோனோம். கழுவும் நாள் தள்ளிப்போயிற்று. எட்டாம் நாள் போனபோது கேன் வயிறு ஊதிக் கிடந்தது; மூடியைத் தளர்த்தியதும் புஸ்ஸென்று வந்த நாற்றத்தில் பாய்லர்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். அதை வடிகட்டிச் சோதித்ததில் முதல் நாள் காட்டிய திறனில் பாதிகூட இல்லை. காப்பித்தோலில் சர்க்கரை அதிகம் என்பதால் இன்னும் விரைவாகப் புளிக்கும். சாற்றை வற்றவைத்துப் பொடியாக்கி வைத்துக்கொள்ளலாம், அல்லது அன்றன்று காய்ச்சலாம். இரண்டுக்கும் விறகோ மின்சாரமோ வேண்டும், அந்தச் செலவைக் கட்டுரைகள் பெரும்பாலும் கணக்கில் எழுதுவதில்லை.

ஆய்வு செய்யும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் தவறு நேர்வது அநேகமாக இங்கேதான். தோலை அலசி, நிழலில் உலர்த்தி, அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட எடை பொடியை வாலை வடிநீரில் இரண்டு மூன்று மணி நேரம் மீள்கொதிப்பில் (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி) காய்ச்சி வடிகட்டுங்கள். வடித்த சாற்றில் 50 மி.லி.யை எடுத்து, நீரை வற்றவைத்து, எஞ்சும் திண்மத்தை எடைபோட்டால் ஒரு லிட்டரில் எத்தனை கிராம் சாரம் இருக்கிறது என்பது தெரியும். ‘10 மி.லி. சாறு சேர்த்தேன்’ என்று எழுதுவதில் பொருள் இல்லை. ‘லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் திண்மம்’ என்று எழுதினால்தான் அடுத்தவர் செய்து பார்க்க முடியும். சிலர் தாவரப் பொடியை அமிலத்திலேயே கொதிக்கவைத்துச் சாறெடுக்கிறார்கள். அப்போது அமிலத்தின் ஒரு பகுதி ஆவியாகியும் பொடியோடு வினைபுரிந்தும் குறைந்துவிடுகிறது. குறைந்த அமிலம் குறைவாக அரித்ததைச் சாற்றின் சாதனையாகக் காட்டிவிடும் ஆபத்து அதில் உண்டு. சாறு சேர்த்த பிறகு ஒவ்வொரு கரைசலிலும் அமிலச் செறிவைத் தரம்பார்த்தலால் (டைட்ரேஷன்) உறுதிசெய்துகொள்ள வேண்டும். கடையில் கிடைக்கும் 30 முதல் 33 விழுக்காட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய 100 மி.லி.யை ஒரு லிட்டராக நீர்த்தால் 1 மோலாருக்குப் பக்கத்தில் வரும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்பதை முதுகலை மாணவிக்குச் சொல்லத் தேவையில்லை, பட்டறையில் உதவிக்கு நிற்பவருக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

துண்டுகள் எல்லாவற்றையும் ஒரே தகட்டிலிருந்து வெட்டுங்கள். எமரி தாளில் முரட்டு ரகத்தில் தொடங்கி நுண்ணிய ரகம் வரை தேய்த்து, அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, 0.1 மி.கி. வரை காட்டும் தராசில் நிறுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது மூன்று துண்டுகள் வேண்டும். துண்டைக் கொக்கியில் தொங்கவிடுங்கள், பீக்கரின் அடியில் படுக்கவிடாதீர்கள். படுத்த பக்கம் குறைவாக அரிக்கப்படும்.

எடுத்த பிறகுதான் பெரிய பொறி காத்திருக்கிறது. டானின் எனும் துவர்ப்புப் பொருள் மிகுந்த சாறுகளில் ஊறிய துண்டின் மேல் கறுப்பாக ஒரு பசை ஒட்டியிருக்கும். கடுக்காய்த் தண்ணீரில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் மை போலக் கறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய காலத்து மை அப்படித்தான் செய்தார்கள். துண்டைக் கழுவும்போது இதே சேர்மம் அதன் மேல் உருவாகி எடையைக் கூட்டிவிடுகிறது. அதை நீக்காமல் நிறுத்தால் இழப்பு குறைவாகத் தெரியும், தடுப்புத்திறன் 97, 98 என்று வானத்தைத் தொடும். நான் முதன்முதலில் கடுக்காயைச் சோதித்தபோது மூன்று நாள் மகிழ்ச்சியில் மிதந்தேன். நான்காம் நாள் மூத்த வேதியியலர் ஒருவர் துண்டை வாங்கி, ரப்பரால் அழுந்தத் தேய்த்து, மறுபடி தராசில் வைத்தார். 98 என்றிருந்தது 81 ஆயிற்று. அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுதியிலும், ஊறவைக்காத ஒரு துண்டையும் அதே முறையில் தேய்த்துக் கழுவி, தேய்ப்பதால் மட்டும் எவ்வளவு எடை போகிறது என்று பார்த்துக் கழித்துக்கொள்வேன்.

எடைமுறையோடு மின்வேதி அளவீடுகளும் செய்ய முடிந்தால் நல்லது; இரண்டும் ஓரளவு ஒத்துப்போனால் எண்ணை நம்பலாம். கட்டுரைகளில், மூலக்கூறுகள் பரப்பில் ஒட்டுவதை விவரிக்கும் லாங்மியர் சமன்பாட்டுக்கு நேர்கோடு வரைந்து, அதிலிருந்து ஒட்டும் ஆற்றலைக் கணக்கிட்டு, வேதிப்பிணைப்பா மின்ஈர்ப்பா என்று முடிவு சொல்வது வழக்கமாகிவிட்டது. எத்தனை மூலக்கூறுகள் கலந்தது என்றே தெரியாத ஒரு கஷாயத்துக்கு மோலார் நிறை எங்கிருந்து வந்தது என்று நேர்முகத் தேர்வில் யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பகுதியில் பெரிய மதிப்பில்லை. அதைவிட, அதே அமிலத்தில் ஹெக்சமீனையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் கட்டுரைக்குக் கனம் கூடும். பட்டறைகளில் பலர் தடுப்பியாகப் போடும் வெள்ளைப் பொடி அதுதான். அது அமிலத்தில் மெல்லச் சிதைந்து ஃபார்மால்டிஹைடைத் தருகிறது. தொட்டியோரம் நிற்பவர்களுக்குக் கண்ணும் மூக்கும் எரிவதில் அதற்கும் பங்கு உண்டு, அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியதும்கூட. தாவரச் சாறு ஹெக்சமீனைவிடச் சற்றுக் குறைவாகக் காத்தாலும் இந்தக் காரணத்துக்காகவே அதை நான் ஆதரிப்பேன்.

அதற்காகச் செடியிலிருந்து வந்ததெல்லாம் தீங்கற்றது என்று எண்ணிவிட வேண்டாம். அரளியையும் ஊமத்தையையும்கூட ஆராய்ந்து ‘பசுமைத் தடுப்பி’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தச் சாற்றைக் காய்ச்சுபவரின் கதியை யார் யோசித்தார்கள் என்று தெரியவில்லை. நம் ஊருக்கென்றே ஓர் எச்சரிக்கையும் சேர்க்கிறேன். காப்பித்தோல் கிடைக்காத மாதங்களில் மரவள்ளித் தோலையோ இலையையோ எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஜவ்வரிசி ஆலைகளைச் சுற்றி அது வண்டி வண்டியாகக் கிடைக்கும். மரவள்ளி இலையை மேய்ந்து ஆடு செத்த கதை இந்தப் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். அதிலுள்ள லினமாரின் சிதைந்தால் ஹைட்ரஜன் சயனைடு வரும். மூடிய அறையில் அதை அரைத்து ஊறவைத்துக் காய்ச்சும் வேலை மாணவர்களுக்கு வேண்டாம்.

காப்பித்தோலைப் பொறுத்தவரை அது தேர்வாகச் சரியானதே. 1820-களில் சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர், இருநூறு ஆண்டுகளாக அங்கே இருக்கிறது. பறித்த பழத்தின் எடையில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு தோலாகப் போகிறது. அதைக் குவித்துவைத்தால் புளித்து, ஈ மொய்த்து, மழையில் ஓடைக்கு இறங்கும். இலைக்காக ஒரு மரத்தை மொட்டையடிப்பதைவிடக் கழிவை எடுப்பது நல்லது. ஆனால் பறிப்புக் காலம் ஆண்டில் சில மாதங்களே. ஈரத்தோலை மலையிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் இறக்குவது தண்ணீரை வண்டி வாடகை கொடுத்து இறக்குவதற்குச் சமம். மாமாவின் களத்திலேயே, கொட்டை காயும் வெயிலிலேயே காயவைத்து, உலர்ந்த தோலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு மூட்டைக்கும் சாரத்தின் அளவு மாறும், ஆகவே மூட்டைக்கு ஒருமுறை திண்மத்தை அளந்தே ஆக வேண்டும்.

கால்வனைசிங்குக்குப் போகும் சரக்கு என்றீர்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இரும்பில் நன்றாக ஒட்டும் படலம் அலசும்போதும் எளிதில் போகாது. சாற்றின் மிச்சமோ சர்க்கரைப் பசையோ பரப்பில் தங்கினால், துத்தநாகத்தில் முக்குவதற்கு முன் பூசும் பிளக்ஸ் உப்புக்கரைசல் சரியாகப் படியாமல், துத்தநாகம் பிடிக்காமல், கறுப்புத் திட்டுகள் விழும். சரக்கு உங்களுக்கே திரும்பி வரும். ஓடும் நீரில் இரண்டு அலசல் கட்டாயம். உயர்வலிமை போல்ட்டு, ஸ்பிரிங் ஆகியவற்றைச் சாற்றின் பலத்தை நம்பி அமிலத்தில் நெடுநேரம் விடவும் வேண்டாம். குமிழி குறைந்துவிட்டதால் எஃகுக்குள் புகும் ஹைட்ரஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அப்படிப் புகுந்த ஹைட்ரஜன் வலுவான எஃகை நொறுங்கவைக்கும்.

உருக்காலை ஏன் பயன்படுத்துவதில்லை என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் சேலம் உருக்காலை பெயர்பெற்றது எவர்சில்வர் தகட்டுக்கு. எவர்சில்வரின் செதில் வெறும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு அசையாது. பொதுவாக நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோபுளோரிக் அமிலமும் கலந்த தொட்டியில்தான் அதைக் கழுவுவார்கள். நைட்ரிக் அமிலம் வலுவான ஆக்சிஜனேற்றி. காப்பிச் சாறாயிருந்தாலும் கறிவேப்பிலைச் சாறாயிருந்தாலும் அதில் விழுந்தவுடன் எரிந்துபோகும், பழுப்புப் புகையும் கிளம்பக்கூடும். இந்தச் சாறுகளுக்கான இடம் எம்எஸ் எனப்படும் சாதாரண இரும்பும், ஹைட்ரோகுளோரிக் அமிலமும், குறைந்த நேரமும் சேரும் இடம்.

அந்த மூன்றும் மிகப் பொருத்தமாகச் சேருவது பாய்லர் கழுவலில். சேலத்துக் கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை இங்கே பாய்லர் வைத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் குழாய்க்குள் ஓடுபோலப் படியும். அந்தப் படிவைக் கரைக்க நீர்த்த அமிலத்தைச் சில மணி நேரம் சுற்றவிட்டு, வடித்து, சோடா கரைசலால் நடுநிலையாக்குவார்கள். அமிலம் புதிது, வெப்பம் அதிகமில்லை, துரு குறைவு, வேலை அன்றே முடிந்துவிடும், சாறும் அன்று காய்ச்சியதாக இருக்கலாம். ஜவ்வரிசி ஆலையிலேயே கொதிநீருக்குப் பஞ்சமில்லை. உங்கள் குடும்பத்துக்குத் தொழிலாக ஏதாவது அமையுமானால் இந்தப் பக்கம்தான் அமையும் என்று எனக்குப் படுகிறது.

கழிவைப் பற்றியும் யோசித்து வையுங்கள். சாறு சேர்த்த பழைய அமிலத்தைச் சுண்ணாம்பால் நடுநிலையாக்கினால் இரும்போடு டானினும் சேர்ந்து கருநீலச் சேறாக இறங்கும். மேலே நிற்கும் தண்ணீரில் கரிமப்பொருள் கூடுதலாக இருக்கும், சோதனையில் அது தெரியும். சேர்வராயன் மலையில் தோன்றும் திருமணிமுத்தாறுதான் நகருக்குள் நுழைந்து பட்டறைகளின் கழிவையும் சுமக்கிறது. மலையில் ஓடையில் இறங்கவிடாமல் தடுத்த தோலை, கீழே அதே ஆற்றில் கஷாயமாகக் கலந்துவிடக் கூடாது.

இப்போது தங்கை தொடங்க வேண்டிய வேலை. உங்கள் தொட்டி அமிலத்திலேயே இரண்டு லிட்டர் மொண்டு, ஒரு லிட்டரில் லிட்டருக்கு 1 கிராம் திண்மம் வரும்படி சாற்றைக் கலக்கட்டும். இன்னொரு லிட்டரில் அதே அளவு வெறும் தண்ணீரை ஊற்றட்டும், செறிவு இரண்டிலும் சமமாக இருப்பதற்காக. ஒரே பட்டையிலிருந்து ஒரே அளவில் வெட்டிய ஆறு துண்டுகளில் துளையிட்டு, நைலான் நூலில் கட்டி, மும்மூன்றாகத் தொங்கவிட்டு, நீங்கள் ஒரு சரக்கை ஊறவைக்கும் அதே நேரத்துக்கு வைத்து எடுத்து, தேய்த்துக் கழுவி நிறுக்கட்டும். மறுநாள் அதே கரைசல்களில் புதிய துண்டுகள், அதற்கு மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மில்லிகிராம் முதல் நாளுக்குப் பக்கத்தில் நின்றால் எனக்கு எழுதுங்கள்; ஏறிக்கொண்டே போனால் தொட்டியை விட்டுவிட்டுப் பாய்லர் பக்கம் திரும்புங்கள்.